சிதறிய கோப்புகளும் சீரமைக்கும் கட்டளைகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டு மனித குலத்திற்கு அளித்த கொடைகளுள் கணிப்பொறி தலையாயது என்றால் அது மிகையாகாது. கணக்குப் போடுவதற்கெனப் பிறந்த இக்கருவி இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும்கூட இடம் பிடித்துவிட்டது. ஆயினும், கணிப்பொறி மெதுவாக இயங்கத் தொடங்கினால் நம்மில் பலர் காரணத்தை ஆராய்வதில்லை. "பழசாகிவிட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். வயதானால் மனிதருக்கு நடை தளர்வதுபோல் கணிப்பொறிக்கும் தளரும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

உண்மை அதுவன்று. கணிப்பொறியின் மூளையாகிய செயலி, பத்தாண்டு கழிந்த பின்னும் பெரும்பாலும் அதே வேகத்தில்தான் கணக்கிடுகிறது. மெதுவாவதற்குக் காரணங்கள் வேறு. அவற்றுள் ஒன்று, ஹார்ட் டிஸ்க் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வன்தட்டில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. அச்சிதறல் எவ்வாறு உண்டாகிறது, அதை எவ்வாறு அளப்பது, எப்போது நீக்க வேண்டும், எப்போது நீக்கக் கூடாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன்.

வன்தட்டின் அமைப்பு

முதல் வன்தட்டு 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தால் ராமாக் என்னும் கணிப்பொறியுடன் வெளியிடப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அப்பெரும் பெட்டியில் 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே சேமிக்க முடிந்தது. இன்று ஒரே ஒரு கைப்பேசிப் புகைப்படம் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது!

அளவு சுருங்கினாலும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுப் பூசிய தட்டு ஒன்று சுழல்கிறது. அதன் மேற்பரப்பைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அம்முனை ஒரு கரத்தின் நுனியில் அமைந்துள்ளது. கரம் உள்ளும் வெளியுமாக அசைந்து வேண்டிய வட்டப் பாதையை அடைகிறது. பிறகு, வேண்டிய இடம் சுழன்று முனையின் அடியில் வரும் வரை காத்திருக்கிறது. நண்பர்களே, இந்த அசைவையும் இந்தக் காத்திருப்பையும் நினைவில் கொள்ளுங்கள். சிதறலின் கதை முழுவதும் இவ்விரண்டிலேயே அடங்கியிருக்கிறது.

சிதறல் எவ்வாறு உண்டாகிறது?

இதை விளக்க எங்கள் ஊரான பரவையின் மொத்தக் காய்கறி மார்க்கெட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. என் தந்தையார் அங்கே மூட்டை சுமக்கும் தொழிலாளி.

ஒரு கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அது காலியாக இருக்கும்போது நாற்பது மூட்டை பல்லாரி வந்து இறங்கினால், அத்தனையும் ஒரே வரிசையில் அடுக்கப்படும். பக்கத்தில் முப்பது மூட்டை உருளைக்கிழங்கு. அதற்கடுத்து இருபது மூட்டை சின்ன வெங்காயம். மறுநாள் உருளைக்கிழங்கு விற்றுத் தீர்ந்து, நடுவில் முப்பது மூட்டைக்கான இடம் காலியாகிறது. அப்போது ஐம்பது மூட்டை பல்லாரியுடன் அடுத்த லாரி வந்து நிற்கிறது. முப்பது மூட்டை அந்தக் காலியிடத்திலும், மிச்சம் இருபது மூட்டை கிட்டங்கியின் கடைசி மூலையிலும் இறங்கும். கணக்குப்பிள்ளை தம் பேரேட்டில் "பல்லாரி: நடுவில் 30, மூலையில் 20" என்று குறித்துக்கொள்வார். சரக்கு ஒன்றுதான்; அது கிடக்கும் இடங்கள் இரண்டு. இப்படியே ஒரு மாதம் வரவும் போக்குமாக இருந்தால், ஒரே வியாபாரியின் சரக்கு பத்து இடங்களில் கிடக்கும். அதை ஏற்றிவிட வேண்டிய தொழிலாளி மூட்டை தூக்குவதைவிட நடப்பதில்தான் அதிக நேரம் செலவிடுவார்.

வன்தட்டிலும் நடப்பது இதுவே. விண்டோஸ் இயக்க முறைமை வன்தட்டை 4 கிலோபைட் அளவுள்ள சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. இக்கட்டத்திற்குக் கிளஸ்டர் என்று பெயர். 320 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றில் ஏறத்தாழ 7 கோடியே 81 லட்சம் கட்டங்கள் உள்ளன. கோப்பை அழித்தால் கட்டங்கள் காலியாகின்றன. புதிய கோப்பு வந்தால் அவை நிரம்புகின்றன. தொடர்ச்சியான இடம் போதாவிட்டால் கோப்பு துண்டாடப்படுகிறது. நாம் தினந்தோறும் எழுதிச் சேர்க்கும் கோப்பு வளரும்போதும், அதனை அடுத்துள்ள கட்டங்களில் வேறு கோப்பு இருப்பின், வளர்ந்த பகுதி வேறிடத்திற்குச் செல்கிறது. எந்தத் துண்டு எங்கே உள்ளது என்பதைக் கணக்குப்பிள்ளையின் பேரேடுபோல் ஒரு பட்டியல் காத்து வருகிறது. ஆகவே கோப்பு தொலைந்துவிடுவதில்லை. அதைத் திரட்டுவதற்குத்தான் நேரமாகிறது.

சிதறலின் விலை: ஒரு கணக்கு

எவ்வளவு நேரமாகிறது என்பதை இயற்பியல் மாணவன் கணக்கிடாமல் விடலாகாது. மடிக்கணினிகளில் பரவலாகக் காணப்படும் வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அது சுமார் 5.6 மில்லி வினாடி. கரம் சரியான வட்டத்திற்கு நகரச் சராசரியாக 12 மில்லி வினாடி என்று கொள்வோம். ஆக, ஒவ்வொரு துண்டையும் தேடிப் பிடிக்கச் சுமார் 17.6 மில்லி வினாடி தேவை.

இப்போது 20 மெகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வன்தட்டு வினாடிக்கு 80 மெகாபைட் படிக்கும் எனில், ஒரே துண்டாக இருக்கும் கோப்பைப் படிக்கக் கால் வினாடி போதும். அதே கோப்பு 500 துண்டுகளாக எட்டத்திற்கு ஒன்றாகச் சிதறியிருந்தால், துண்டுகளைத் தேடுவதற்கு மட்டும் 500 × 17.6 மில்லி வினாடி, அதாவது 8.8 வினாடி ஆகும். வேலை ஒன்றே, காலம் முப்பத்தைந்து மடங்கு!

ஆனால் துண்டு பெரிதாக இருந்தால் இழப்பு சிறிது. ஒரு துண்டே 64 மெகாபைட் இருக்குமானால், அதைப் படிக்க முக்கால் வினாடிக்கு மேல் ஆகும். தேடும் நேரம் அதன்முன் ஒரு பொருட்டே அன்று. இதனால்தான் விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறல் கணக்கில் சேர்ப்பதில்லை.

கட்டளை வந்த வரலாறு

சிதறலை நீக்கும் கருவி 1993ஆம் ஆண்டு எம்.எஸ்.டாஸ் 6 பதிப்பிலேயே வந்துவிட்டது. அதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சைமன்டெக் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று வழங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி (2001) பதிப்பில், தட்டச்சு செய்து இயக்கும் 'டிஃப்ராக்' கட்டளை இடம்பெற்றது. விண்டோஸ் 7 (2009) பதிப்பு, வாரந்தோறும் புதன்கிழமை அதிகாலை ஒரு மணிக்குத் தானாகவே இவ்வேலையைச் செய்யுமாறு அமைக்கப்பட்டிருந்தது. நம் வீடுகளிலோ அந்நேரத்தில் மடிக்கணினி மூடப்பட்டுப் பையில் கிடக்கும். படித்து முடித்ததும் மின்சாரச் செலவை எண்ணி உடனே அணைத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஓய்வாக இருக்கும்போது செய்து கொள்ளலாம் என்று காத்திருக்கும் கணிப்பொறிக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

நம் வீட்டு மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று தொடங்கப் பெற்றது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அம்மடிக்கணினிகள் லட்சக்கணக்கான மாணவ மாணவியரின் கைகளை அடைந்தன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் அமைந்தவை சுழலும் வன்தட்டுகளே. அன்று பள்ளி மாணவர் கையில் இருந்த அம்மடிக்கணினிகளுள் சில, இன்று அவர்களுடைய தம்பி தங்கையரின் கல்லூரிப் படிப்புக்கு உதவி வருகின்றன.

என் மடிக்கணினியும் அத்தகையதே. 2012இல் பிளஸ் டூ படித்தபோது என் அக்கா பெற்றது அது. அக்கா நன்றாகப் படிப்பவர். ஆயினும் குடும்பச் சூழ்நிலையால் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குச் சென்றார். கல்லூரிக்குள் கால் வைக்கும் முதல் ஆள் என்னும் வாய்ப்பு அவருக்குக் கிட்டாமல் எனக்குக் கிட்டியது. "நான் படிக்காததையும் சேர்த்துப் படிடா தம்பி" என்று சொல்லி அதை என்னிடம் கொடுத்தார். சென்ற ஆண்டு அது மிகவும் மெதுவாகிவிட்டது. கடை ஒன்றில் காட்டியபோது, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "வன்தட்டை மாற்று, இல்லையேல் புதிது வாங்கு" என்றனர். கேட்ட தொகையோ அப்பாவின் பல நாள் கூலி. செலவழிக்கும் முன்பு, நோய் இன்னதென்று அறிந்துகொள்ள விரும்பினேன். கட்டளைகளைக் கற்றது அதற்காகத்தான்.

முதலில் கேள், பின்பு செய்

கணிப்பொறியிலேயே இதற்குச் சாளரமும் பொத்தானும் இருக்கும்போது தட்டச்சு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். பொத்தான் வேலையைச் செய்யும். கட்டளையோ நிலைமையை எண்களாக எடுத்துரைக்கும். ஆய்வகத்தில் அளவீடு எடுத்த பிறகே முடிவு எழுதுகிறோம் அல்லவா? இதுவும் அது போன்றதே.

விண்டோஸ் 7இல் ஸ்டார்ட் பட்டியலில் 'சிஎம்டி' என்று தட்டச்சு செய்து, தோன்றும் பெயரின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் பின்வரும் வரிசையில் செல்வது நலம்.

முதற்படி, படி எடுத்தல். வேண்டிய கோப்புகளைப் பென் டிரைவில் படி எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கட்டளை எதுவும் தேவையில்லை. பொறுமை ஒன்றே தேவை.

இரண்டாம் படி, வன்தட்டின் உடல்நிலையைக் கேட்டல்:

விமிக் டிஸ்க்டிரைவ் கெட் மாடல்,ஸ்டேட்டஸ்

'விமிக்' என்பது டபிள்யூ, எம், ஐ, சி என்னும் நான்கு எழுத்துகள். 'ஓகே' என்று விடை வந்தால் மேலே செல்லலாம். 'பிரெட் ஃபெயில்' என வந்தால் வன்தட்டு பழுதாகும் நிலையில் உள்ளது என்று பொருள். விடை ஓகே என்றிருந்தும், உள்ளிருந்து டக் டக் என்று ஓசை கேட்டாலும் நிறுத்திவிட வேண்டும். சீரமைத்தல் என்பது லட்சக்கணக்கான கட்டங்களைப் படித்துப் படித்து வேறிடத்தில் எழுதும் கடும் உழைப்பு. நோயுற்ற வன்தட்டுக்கு அது மருந்தாகாது; முடிவை விரைவுபடுத்தவும் கூடும். அந்நிலையில் கோப்புகளைக் காப்பாற்றி, வன்தட்டை மாற்றுவதே அறிவுடைமை.

மூன்றாம் படி, பட்டியலைச் சரிபார்த்தல்:

செக்டிஸ்க் சி:

இதனைச் சி, ஹெச், கே, டி, எஸ், கே என்று தட்டச்சு செய்ய வேண்டும். பேரேட்டில் பிழை இருந்தால் இது தெரிவிக்கும். பிழை இருப்பின் '/எஃப்' என்பதைச் சேர்த்து மீண்டும் ஏவி, கணிப்பொறியை அணைத்து இயக்கினால் அது திருத்தப்படும்.

நான்காம் படி, சிதறலை அளத்தல்:

டிஃப்ராக் சி: /ஏ /வி

'டிஃப்ராக்' என்பது டி, இ, எஃப், ஆர், ஏ, ஜி என்னும் ஆறு எழுத்துகள். '/ஏ' என்பது "ஆராய்ந்து மட்டும் சொல், எதையும் நகர்த்தாதே" என்று பொருள்படும். '/வி' என்பது விரிவாகச் சொல்லுமாறு பணிப்பது. மொத்தச் சிதறல் எத்தனை விழுக்காடு, கோப்பு ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை துண்டு, காலியிடம் எத்தனை பகுதிகளாகக் கிடக்கிறது, அவற்றுள் மிகப் பெரியது எது என்பனவெல்லாம் வரிசையாக வரும். இக்கட்டளையின் இறுதியில் 'பெரிது' என்னும் கணக்குக் குறியும் (>) ஒரு கோப்பின் பெயரும் இட்டால், விடை முழுவதும் அக்கோப்பில் பதிவாகிவிடும். செய்யும் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ஐந்தாம் படி, இடம் ஒதுக்குதல். கிட்டங்கி நிறைந்திருந்தால் மூட்டைகளை மாற்றி அடுக்க முடியாது. அதுபோல் வன்தட்டிலும் குறைந்தது 15 விழுக்காடு காலியாக இருந்தால்தான் சீரமைப்பு முழுமை பெறும்.

ஆறாம் படியே சீரமைத்தல்:

டிஃப்ராக் சி: /யூ /வி

'/யூ' என்பது வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதைத் திரையில் காட்டும். '/எக்ஸ்' என்பதைச் சேர்த்தால், சிதறிய காலியிடங்களை ஒன்றுசேர்க்க முயலும். சில மணி நேரம் பிடிக்கும் வேலையாதலால் மின்னிணைப்பு இருத்தல் வேண்டும். பேட்டரி செயலிழந்த பழைய மடிக்கணினி எனில், மின்தடை வராத நேரம் பார்த்துத் தொடங்குவது நன்று. பேஜ் ஃபைல் போன்ற சில கோப்புகள் இயங்கிக்கொண்டே இருப்பதால் நகரமாட்டா. ஆகவே இறுதியில் சிறிது சிதறல் எஞ்சினால் கவலற்க.

என் மடிக்கணினியில் நான் கண்டது இது. வன்தட்டின் நிலை ஓகே. சிதறல் 31 விழுக்காடு. காலியிடமோ 6 விழுக்காடுதான். திரைப்படங்கள் நிரம்பிக் கிடந்தன. அவற்றை அகற்றியபின் இரவு முழுவதும் கட்டளை ஓடியது. காலையில் சிதறல் 2 விழுக்காடு. இயக்கிய நொடியிலிருந்து பயன்படுத்தத் தகுந்த நிலை வரும்வரை, முன்பு 5 நிமிடம் 40 வினாடி ஆகியிருந்தது. பின்பு 3 நிமிடம் 50 வினாடி. புதுக் கணிப்பொறி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நினைவகம் 2 ஜிகாபைட்தான். அதை எந்தக் கட்டளையாலும் பெருக்க இயலாது. ஆனால் சி மொழி நிரல்களை எழுதவும், செய்முறைப் பதிவேட்டுக்கான கணக்குகளைப் போடவும் அது இன்று எனக்குப் போதுமானதாக இருக்கிறது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், அதை நான் இணையத்தில் இணைப்பதில்லை.

லினக்ஸில் நிலைமை என்ன?

என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறான். அதன் கோப்பு முறை இ.எக்ஸ்.டி.4 எனப்படும். இது 2008ஆம் ஆண்டு டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 பதிப்புடன் நிலைபெற்றது. கோப்பை எழுதச் சொன்னவுடனே இடம் ஒதுக்கிவிடாமல், சற்றுப் பொறுத்து, மொத்த அளவு தெரிந்த பிறகு தொடர்ச்சியான இடமாகப் பார்த்து ஒதுக்குவது இதன் சிறப்பு. லாரியில் எத்தனை மூட்டை என்று எண்ணிய பிறகே இடத்தைக் காட்டும் கணக்குப்பிள்ளை போன்றது இது. ஆகவே சிதறல் குறைவு. அங்கே அளக்கும் கட்டளை:

சூடோ இ4டிஃப்ராக் -சி /ஹோம்

விடையாக ஒரு மதிப்பெண் கிடைக்கும். 0 முதல் 30 வரை எனில் குறையில்லை. 31 முதல் 55 வரை எனில் சிறிது சிதறல். 56க்கு மேல் எனில் சீரமைக்க வேண்டும். தோழனின் மடிக்கணினி பெற்ற மதிப்பெண் பூச்சியம். தேர்வில் வாங்கினால் வருந்த வேண்டிய அவ்வெண்ணை, இங்கே வாங்கியதற்காக மகிழ்ந்தோம்! செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று அறிவதும் ஒரு பயனே.

செய்யக் கூடாத இடம்

இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் உள்ளது. அதில் தட்டும் இல்லை; சுழற்சியும் இல்லை; அசையும் கரமும் இல்லை. எங்கிருந்து படித்தாலும் ஏறக்குறைய ஒரே நேரந்தான். எனவே நாம் மேலே போட்ட 17.6 மில்லி வினாடிக் கணக்கு அங்கே செல்லாது. அதன் நினைவுக் கண்கள் குறிப்பிட்ட முறைகளே எழுதத் தாங்கும். தேவையின்றி மாற்றி மாற்றி எழுதுவது அதன் ஆயுளைக் குறைப்பதாகும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் பவர்ஷெல் சாளரத்தைத் திறந்து 'கெட்-பிசிக்கல்டிஸ்க்' என்று தட்டச்சு செய்தால், எச்.டி.டி.யா எஸ்.எஸ்.டி.யா என்பது தெரிந்துவிடும். எஸ்.எஸ்.டி. எனில் 'டிஃப்ராக் சி: /எல்' என்னும் கட்டளை போதும். அது எதையும் நகர்த்தாது. அழிக்கப்பட்ட கட்டங்கள் எவை என்பதை மட்டும் சேமிப்பகத்திற்கு அறிவிக்கும். '/ஓ' என்று கொடுத்தால், வகையறிந்து உரியதை அதுவே செய்துகொள்ளும்.

முடிவுரை

மெதுவாக இயங்கும் மடிக்கணினிகளுக்கு விடை ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றைச் சீரமைக்க வேண்டும், மற்றொன்றுக்குத் தேவையில்லை, வேறொன்றுக்குச் செய்யவே கூடாது, டக் டக் என்று ஒலிக்கும் இன்னொன்றிலிருந்து கோப்புகளை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் மெதுவாகத்தான் தெரியும். வேறுபாட்டைக் காட்டுவது அளவீடு ஒன்றே. அந்த அளவீட்டைத் தரும் கட்டளைகளுக்குக் காசு இல்லை. அவை ஏற்கெனவே கணிப்பொறியில் உள்ளன. கேட்கத் தெரிந்தவருக்கு அது விடை சொல்கிறது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோர் பலருடைய வீடுகளில் அண்ணனோ அக்காவோ பெற்ற மடிக்கணினி ஒன்று, பழுது என்று முத்திரை குத்தப்பட்டுப் பரணில் கிடக்கக்கூடும். விடுமுறையில் அதை இறக்கித் தூசு தட்டுங்கள். கோப்புகளைப் படி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு '/ஏ' என்னும் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பிழைக்கும் என்று அது சொன்னால், அடுத்த ஆண்டு நம் கல்லூரிக்கு வரவிருக்கும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அது படிப்புக் கருவியாகும். பிழைக்காது என்று சொன்னாலும், வீட்டாரின் உழைப்புப் பணத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதை அறிந்தே செலவிடுவோம்.